வலியில்லாக் கல்லடைப்பு

கல்லடைப்பின் கொடுமையை அறியாதார் சிலரே. விலாப்புறத்தில் தோன்றி அடிவயிற்றுக்கு இறங்கும் அவ்வலி, திடகாத்திரமுள்ளாரையும் தரையிற் புரளச் செய்யும். ஆயினும் முதுகுத்தண்டின் நரம்புவடம் சிதைந்தார் பலர்க்கு அவ்வலி தோன்றுவதில்லை. இதனை ஒரு பேறெனக் கருதுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். காவலாளி இல்லாத வீட்டிற் கள்வன் புகுந்தாற்போல, கல் ஓசையின்றி வளர்ந்து சிறுநீரகத்தையே அழித்துவிடக் கூடும்.

இவர்க்குக் கல் உண்டாவதேன்? ஊறுபட்ட முதற் சில திங்களில், அசைவற்றுக் கிடத்தலால் எலும்பின் சுண்ணச்சத்துக் கரைந்து சிறுநீரிற் சேர்கின்றது. மற்றொரு காரணமும் உண்டு. மூளையின் ஏவல் மூத்திரப்பைக்கு எட்டாமையால் நீர் முற்றும் வெளிப்படாது தேங்கும். எப்பொழுதும் வைக்கப்பட்டிருக்கும் குழாயின் வழியே கிருமிகளும் ஏறும். அவற்றுள் புரோட்டியஸ் முதலியன, யூரேஸ் என்னும் நொதியால் யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. நீர் காரத்தன்மை அடையவே, மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டோடு கூடிப் படிகமாகின்றன. இரசாயன வகுப்பில் நாம் சோதனைக்குழாயின் அடியிற் கண்ட அவ்வெண்ணிறப் படிவேதான், உடலினுள்ளே மான்கொம்பெனக் கிளைத்துச் சிறுநீரகத்தின் உட்குழிவை நிரப்புகின்றது.

வலி இன்மையால் வேறு குறிகளை நோக்கல் வேண்டும். காரணம் தெரியாத சுரம், மிகு வியர்வை, கால்களின் இழுப்பு அதிகப்படல் ஆகியவை அத்தகையன. மார்புப்பகுதியின் ஆறாம் நரம்புக் கணுவிலோ அதற்கு மேலோ ஊறுபட்டவர்க்கு அபாயம் பெரிது. கல்லாலோ நீர் அடைப்பாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறித் தலை வெடிப்பதுபோல் நோகும். மூளையில் இரத்தக்குழாய் உடைதலுங் கூடும். அப்பொழுது அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய ஆடையைத் தளர்த்தி, குழாய் அடைபட்டுள்ளதோவென உடனே பார்த்தல் வேண்டும்.

கல் வழியை அடைத்து, மேலே சீழ் தேங்கியிருப்பின், வைத்தியர் முதலில் அந்நீரை வடித்து, கிருமிக்கு மருந்து கொடுப்பர். கல்லை எடுத்தல் பின்னரே. 1980ஆம் ஆண்டு பெப்ருவரியில் மியூனிக் நகரில், உடலைக் கீறாது அதிர்வலைகளாற் கல்லை நொறுக்கும் முறை முதன்முதல் மனிதரிடம் கையாளப்பட்டது. சிறு கற்களுக்கு அது ஏற்றதே. ஆனால் நடமாட்டமில்லாதவரிடம் நொறுங்கிய துகள் எளிதில் வெளியேறுவதில்லை. எஞ்சிய துகளிற் கிருமி குடியிருக்க, கல் மீண்டும் வளரும். ஆதலாற் பெருங்கற்களுக்கு, முதுகிற் சிறு துளையிட்டு உள்ளே கருவி செலுத்திக் கல்லை எடுக்கும் முறையே பெரிதும் விரும்பப்படுகின்றது. அதனைச் சுவீடன் தேசத்தார் இருவர் 1976இல் வெளியிட்டனர்.

உணர்ச்சியற்றவர்க்கு மயக்கமருந்து எதற்கென்று நாமும் எண்ணியதுண்டு. உணர்ச்சி இல்லாவிடினும் மேற்கூறிய அழுத்த ஏற்றம் மேசையிலேயே நிகழக்கூடும். எனவே மயக்கமருந்து வைத்தியர் அருகிருத்தல் இன்றியமையாதது. வளைந்த முதுகையும் மடங்கிய கால்களையும் மெத்தென்ற அணைகளால் தாங்காவிடின், சில மணிநேரத்திலேயே தோல் புண்ணாகும்.

முற்காலத்தில் இவ்வகை நோயாளர் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றபின், நாளிற் பலமுறை குழாயிட்டு நீரை வடித்து உடனே குழாயை எடுத்துவிடும் முறை வேரூன்றிற்று. அவர் கிருமியற்ற தூய்மையை வற்புறுத்தினார். 1972இல் அமெரிக்கராகிய லாப்பிடஸ், சோப்பினாற் கழுவிய கையும் கழுவிய குழாயும் போதுமென்று காட்டினார். அதுமுதல், கை வழங்கும் நோயாளர் தம் வீட்டிலிருந்தே, பிறர் உதவியின்றி, தாமே நீரை வடித்துக்கொள்ளலாயினர்.