காலிபரேஷனுக்குக் காப்புரிமை உண்டா?

டீசலில் கந்தகம் எவ்வளவு என்பதை எக்ஸ்-ரே கருவி தானாகச் சொல்லிவிடாது. கந்தக அளவு முன்பே தெரிந்த மாதிரிகளை வரிசையாக வைத்து, எந்த அளவுக்கு எவ்வளவு கதிர் வருகிறது என்று அதற்கொரு கோடு போட்டுத் தரவேண்டும். அதுதான் காலிபரேஷன். கனிம எண்ணெயில் தயாரித்த மாதிரிகளை வைத்துப் போட்ட கோட்டால் பயோடீசலை அளந்தால், கந்தகம் குறைவாகத் தெரியும். பயோடீசலில் உள்ள ஆக்சிஜன், கந்தகம் வெளிவிடும் கதிரில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2006 முதல் அமலுக்கு வந்த டீசல் கந்தக வரம்பு வெறும் 15 பிபிஎம். அங்கே சிறு பிழையும் பெரிது.

இந்தப் பிழையைத் திருத்த வழி கண்டவர் காப்புரிமை கேட்டால், அமெரிக்கச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு குறுக்கே வரும். துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கே எளிதில் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாது. கருவி பழசு, மாதிரி பழசு, கணக்கும் பழசு. இதில் புதிது என்ன என்று காப்புரிமைப் பரிசோதகர் கேட்பார்.

அந்தக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. விடையைப் பார்த்த பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும். 1988-இல் தீர்ப்பான ஃபைன் வழக்கு இதற்கு நல்ல சான்று. நுண்ணளவு நைட்ரஜன் சேர்மங்களைப் பிரித்து, நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி அளக்கும் அமைப்புக்கு அதில் காப்புரிமை கேட்கப்பட்டது. கந்தகச் சேர்மங்களை அளக்கும் பழைய முறையையும், நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் இன்னொன்றையும் சேர்த்தால் இது வந்துவிடும் என்று காப்புரிமை அலுவலகம் மறுத்தது. ஆனால் அந்தக் கந்தக முறைக்கு நைட்ரஜன் ஒரு தொல்லை. அதிலிருந்து நைட்ரஜனை அளக்கும் எண்ணம் எப்படி வரும்? மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுப்பை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்பேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் வலு உண்டு. வழக்கமான சோதனைகளால் சிறந்த அளவைக் கண்டறிவது கண்டுபிடிப்பல்ல என்று 1955-இலேயே ஆலர் வழக்கு சொன்னது. பழைய முறைகளைச் சேர்ப்பதற்கான காரணம் எழுத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, துறையாளரின் பொது அறிவும் போதும் என்றது 2007-இல் வந்த கேஎஸ்ஆர் தீர்ப்பு. இந்த இரு பக்கங்களுக்கும் நடுவே, 1977-இன் அன்டோனி வழக்கே காலிபரேஷனுக்கு மிக நெருக்கமானது: ஒரு காரணி முடிவைப் பாதிக்கும் என்றே யாருக்கும் தெரியாதபோது, அதைத் திருத்துவதை வழக்கமான சோதனை என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே வழக்கின் உயிர், பிழைக்கான காரணம் விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதில் இருக்கிறது. ஆக்சிஜன் விஷயத்தில், காரணம் யாருக்கும் தெரியாது என்ற வாதம் இன்று எடுபடாது. எக்ஸ்-ரே முறைக்கான ஏஎஸ்டிஎம் டி2622 தர ஆவணமே இந்தக் குறுக்கீட்டைப் பேசுகிறது. எரிபொருளுக்கு ஒத்த அடிப்படை எண்ணெயில் மாதிரி தயாரிப்பது ஆய்வகங்களில் அன்றாட வேலை.