சாயம் காட்டும் நுண்ணுலகம்

திருப்பூர் வெள்ளை பனியன் வெயிலில் லேசாக நீலம் பாய்ந்து பளீரென்று தெரியும். சலவைப் பட்டறையில் வெளுத்த துணிக்கு ஏற்றும் ஆப்டிகல் ஒயிட்னர்தான் காரணம். அதன் மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, நீல ஒளியாக வெளிவிடுகின்றன. ஃபுளோரசன்ஸ் எனப்படும் இந்த ஒளிர்வுதான் உயிர்ச்செல்லின் உட்புறத்தையும் விஞ்ஞானிகளுக்குக் காட்டுகிறது.

பார்க்க வேண்டிய புரதத்தோடு ஒளிரும் சாய மூலக்கூறு ஒன்றைப் பிணைத்துவிட்டால், லேசர் பட்டதும் அது இருக்கும் இடம் மின்னும். இதிலும் ஒரு தடை உண்டு. 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே வகுத்த விதிப்படி, சுமார் 200 நானோமீட்டரைவிட நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. பருத்தி இழையின் தடிமனில் இது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பெரும்பாலான வைரஸ்கள் இதைவிடச் சிறியவை.

சாயத்தின் ஒளிர்வை அணைக்கவும் ஏற்றவும் முடிந்தபோது இந்தத் தடை விலகியது.

எல்லா மூலக்கூறுகளும் ஒன்றாக ஒளிர்ந்தால் படம் கலங்கும். ஒரு நேரத்தில் சில மட்டும் மின்னி அணைந்தால், ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் துல்லியமாகக் குறிக்கலாம். இப்படி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தால் சுமார் 20 நானோமீட்டர் வரை தெளிவு கிடைக்கும். எரிக் பெட்சிக் குழு 2006இல் இதைச் செய்துகாட்டியது. ஸ்டெஃபான் ஹெல்லின் முறை வேறு: இரண்டாவது லேசரால் சுற்றியுள்ள மூலக்கூறுகளை அணைத்து, நடுவில் உள்ளவற்றை மட்டும் ஒளிரவிட்டார். தனி மூலக்கூறை ஒளியால் கண்டறிந்த வில்லியம் மோர்னரோடு இருவரும் 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த வேலைக்கு எல்லாச் சாயமும் உதவிவிடாது. சாயம் பிரகாசமாக ஒளிர வேண்டும், சீக்கிரம் மங்கக் கூடாது, செல்லின் சவ்வைக் கடக்க வேண்டும், செல்லைக் கொல்லவும் கூடாது. இதில் ரோடமின் குடும்பம் பெரிதும் கைகொடுத்தது. துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி இந்தக் குடும்பம்தான். அது கலந்த பஞ்சுமிட்டாயைத்தான் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. ரோடமினின் கட்டமைப்பில் ஓர் ஆக்சிஜன் அணுவின் இடத்தில் சிலிக்கானை வைத்தால் சிலிக்கான் ரோடமின். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கை ஜான்சன் குழு 2013இல் வெளியிட்ட இதன் வடிவம், உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து, குறிவைத்த புரதத்தோடு ஒட்டிய பிறகே நன்றாக ஒளிர்கிறது. செல்லை அதிகம் பாதிக்காத அடர்சிவப்பு ஒளியே இதற்குப் போதும்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் தீபக் நாயர் குழு, நரம்புச் செல்கள் சந்திக்கும் இடங்களில் புரதங்கள் அமைந்திருக்கும் விதத்தை இத்தகைய நுண்ணோக்கிகளால் ஆராய்கிறது. சாயத்தோடு வாழும் திருப்பூர் வட்டாரக் கல்லூரிகள், வேதியியல் மாணவர்களுக்கு இந்தத் துறையையும் அறிமுகப்படுத்த வேண்டும்.