இன்வெர்ட்டருக்குள் சைன் அலை பிறப்பது எப்படி?

கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் மின்விசிறி உறுமுகிறதா? சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். சதுர அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்தே வரும். 150 ஹெர்ட்ஸ் அலையின் உயரம் மட்டுமே மூல அலையில் மூன்றில் ஒரு பங்கு. உறுமலுக்கும் மோட்டார் சூடேறுவதற்கும் இந்தக் கூடுதல் அலைகளே காரணம்.

சைன் அலை கிடைத்தால் தொல்லை தீரும். ஆனால் பேட்டரி மின்சாரத்தைத் திருப்பிவிடும் மோஸ்ஃபெட்டுகளை முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். பாதி திறந்தால் மின்சாரம் அங்கேயே வெப்பமாகிவிடும். எனவே நொடிக்கு 20,000 துடிப்புகள் அனுப்பி, ஒவ்வொன்றின் அகலத்தையும் சைன் மதிப்புக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறார்கள். பின்னால் உள்ள காயிலும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்புகளைச் சமன்செய்ய, வெளியே வழவழப்பான 50 ஹெர்ட்ஸ் அலை வருகிறது.

இந்த அகலங்களைக் கணிப்பது மைக்ரோகன்ட்ரோலர். பலரிடமும் இருக்கும் அர்டுவினோ ஊனோவையே எடுத்துக்கொள்வோம். அதன் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு 50 மைக்ரோநொடி, அதாவது 800 கடிகாரத் துடிப்புகள். 30 டிகிரியில் சைன் மதிப்பு அரை என்பதால் மோஸ்ஃபெட் 400 கடிகாரத் துடிப்புகளுக்குத் திறந்திருக்கும். 90 டிகிரியில் ஏறக்குறைய முழுநேரமும். அரைச் சுற்றுக்கு இப்படி 200 எண்கள். ஒவ்வொரு முறையும் சைனைக் கணக்கிட நேரம் போதாது. எண்களை முன்பே அட்டவணையாக எழுதி வைத்து, டைமர் இன்டரப்டில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். பேட்டரி நிரம்பியிருக்கும்போது எண்களை எல்லாம் ஒரே விகிதத்தில் குறைத்து, அது இறங்க இறங்கக் கூட்டினால் வெளியே 230 வோல்ட் நிலைக்கும்.

நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இந்த அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் பலகையைக் காப்பது அடுத்த வேலைதான். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே மோஸ்ஃபெட்டுகள் மேலும் கீழுமாக ஜோடியாக இருக்கும். ஒரே ஜோடியில் மேல் மோஸ்ஃபெட் மூடும் முன் கீழ் மோஸ்ஃபெட் திறந்தால் பேட்டரி நேராகக் குறுக்குச்சுற்றாகி, இரண்டும் வெடித்துவிடும். ஒன்றை மூடி, ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி காத்திருந்த பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். ஊனோவின் டைமரில் இந்த இடைவெளிக்குத் தனி வசதி இல்லை. டிஎஸ்பிக் 30எஃப்2010 சிப்பில் உள்ளேயே உண்டு. விலை கூடினாலும் அத்தகைய சிப்பே மேல்.

நிரல் ஏற்றும்போது சிப்பின் கால்கள் எந்த நிலையிலும் இல்லாமல் தொங்கும்; மோஸ்ஃபெட்டுகள் தானாகவே திறந்துகொள்ளலாம். அதனால் ஒவ்வொரு மோஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம் மின்தடையை மறக்காமல் போடுங்கள். ஆசிலோஸ்கோப்பில் அந்த ஒரு மைக்ரோநொடி இடைவெளியைக் கண்ணால் பார்க்கும்வரை பேட்டரியை இணைக்காதீர்கள்.