எம்.பி.ஏ. படிப்பும் தோவாளை சந்தையும்

எம்.பி.ஏ. மாணவர் கோடைப் பயிற்சி முடித்ததற்கு அடையாளமாக இன்று நம்மூர் வீடுகளுக்கு வந்துசேர்வது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்தான்: ஸ்பைரல் பைண்டிங் செய்த அறிக்கை ஒன்று, நிறுவனத்தின் லெட்டர்பேடில் சான்றிதழ் ஒன்று. அறிக்கைக்குள் நூறு பேரிடம் நிரப்பி வாங்கிய கேள்வித்தாளும் வட்ட வட்டமாக வரைபடங்களும் இருக்கும். அந்த நூறு பேரில் ஒருவருக்கும் அதனால் எதுவும் மாறியிருக்காது. கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய பெற்றோருக்கு இது போதாது என்பது என் எண்ணம்.

பாடத்திட்டம் கேட்பது என்ன? பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இரண்டாம் பருவம் முடிந்ததும் கோடையில் சில வாரங்கள் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். நான்காம் பருவத்தில் ப்ராஜெக்ட். இவை கட்டாயம். இவற்றுக்கு வெளியே ‘லைவ் ப்ராஜெக்ட்’ என்று ஒன்று உண்டு. ஒரு கடையோ சங்கமோ ஆலையோ தன் உண்மையான சிக்கல் ஒன்றை மாணவர் குழுவிடம் ஒப்படைக்கும். குழு சொல்லும் தீர்வை அது நடைமுறைப்படுத்தியும் பார்க்கும். கைப்பழக்கம் வருவது இந்த மூன்றாவது வகையில்தான்.

1908-ல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி, வகுப்பில் ‘கேஸ்’ விவாதித்தே பேர் பெற்றது. அதுவே 2011-ல் ‘ஃபீல்ட்’ என்ற பாடத்தைச் சேர்த்து, முதலாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 900 பேரை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை பார்க்க அனுப்பியது. நம் நாட்டில் வர்கீஸ் குரியன் 1979-ல் ஆனந்தில் நிறுவிய கிராம மேலாண்மைக் கல்வி நிறுவனமான ‘இர்மா’வில் மாணவர்கள் கிராமத்தில் சில வாரம் தங்கியாக வேண்டும். பால் சங்கத்தின் கணக்கு அவர்களுக்குப் பழகுவது அங்கேதான்.

குமரி மாவட்டத்துக்கு இப்படிக் களத்தில் கற்பது புதிதல்ல. 1920-களில், திருவிதாங்கூர் அரசின் கீழ் இந்தப் பகுதி இருந்த காலத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம மறுசீரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். காட்டுக்கூட்டைப் பிழிந்து எடுக்கும் தேனில் புழுவும் மெழுகும் கலந்திருக்கும். நல்ல விலை கிடைக்காது. சட்டம் பொருத்திய பெட்டியில் தேனீ வளர்த்து, அடை உடையாமல் தேன் எடுக்க மையம் கற்றுக்கொடுத்தது. தேனையும் முட்டையையும் தரம் பிரித்துக் கூட்டாக விற்கும் ஏற்பாடும் செய்தது. அங்கு ஆண்டுதோறும் நடந்த செய்முறைப் பயிற்சிக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேலையை ஊர்க்காரர்களே செய்ய வேண்டும், பக்கத்திலிருந்து யோசனை சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பது ஹாட்சின் கொள்கை. இன்றைய எம்.பி.ஏ. துறைகள் தேடும் முறை இதுவேதான். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தக் குறியீட்டிலேயே ஒரு வகுப்புக்குத் தேவையான வேலை இருக்கிறது. மட்டிப் பழம், மயிலாடி கல் சிற்பம், கன்னியாகுமரி கிராம்பு, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோயில் நகை, 2025-ல் தோவாளை மாணிக்க மாலை என்று மாவட்டத்தில் குறியீடு பெற்றவற்றின் பட்டியல் நீளம். குறியீடு வந்ததும் விலை தானாக ஏறிவிடாது. சென்னையிலுள்ள பதிவகத்தில் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். பிறகு பெட்டி, லேபிள், விலை, வாங்கும் ஆள் எல்லாம் வேண்டும். மாலை கட்டும் ஒரு குடும்பத்துடன் உட்கார்ந்து பூவுக்கு எவ்வளவு, நாருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரக் கைவேலை என்று எழுதிப் பார்த்தாலே போதும். அடக்கவிலை என்றால் என்ன என்பது அந்த மாணவருக்கு ஆயுசுக்கும் மறக்காது.

விலை நிர்ணயம் படிக்கத் தோவாளைப் பூச்சந்தைக்கு நிகரான இடம் தெற்கே இல்லை. விடியுமுன்னே சந்தை களைகட்டிவிடும். உள்ளூர்ப் பிச்சி, திண்டுக்கல் மல்லி, ஓசூர் ரோஜா எல்லாம் வந்து இறங்கும். கேரள வியாபாரிகள் எதிரே நிற்பார்கள். அழுகும் சரக்கு, காலைக்குள் விற்றாக வேண்டும். முகூர்த்த நாளுக்கு முன்தினம் பிச்சி விலை எங்கோ போய்விடும், மறுநாள் கேட்க ஆளிருக்காது. ஓணம் வந்தால் கிரேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக எல்லை தாண்டும். ஒரே ஒரு பூவை எடுத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை விலையைக் குறித்து, வந்த சரக்கையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்து, மறுநாள் விலை இதுவாக இருக்கும் என்று முந்திய இரவே எழுதி வைக்கட்டும். கமிஷன் கடைக்காரர் காலையில் அதைப் பார்த்துச் சொல்லும் திருத்தம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கடலிலும் விசித்திரமான பாடம் ஒன்று உண்டு. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1-ல். இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டும் நடக்கின்றன. சின்னமுட்டத்துப் படகுகள் கரையேறியிருக்கையில் குளச்சல் படகுகள் கடலில் நிற்கும். பிறகு மாறும். ஐஸ் ஆலை யாருக்கு எப்போது ஓட வேண்டும்? மீன் ஏற்றும் லாரி எங்கே நிற்க வேண்டும்? வருமானமில்லாத மாதத்தில் எஞ்சின் பழுதுக்கும் வலைக்கும் பணம் எங்கிருந்து வரும்? வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டிவரும். மீனவர் சங்கங்கள் தாங்களே ஏலம் நடத்தி, விற்ற பணத்தில் சேமிப்பும் கடன் தவணையும் பிடித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். நடைமுறை மூலதனம் என்று வகுப்பில் சொல்வதன் முழு வலியும் இங்கே தெரியும்.

பெற்றோர் பலரும் கேட்பது, பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் சேரலாமா என்று. 2024-ல் வந்த விதிகளின்படி எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதில் இடம் தரப்படவில்லை. ஆகவே கல்லூரித் துறைதான் சங்கங்களிடமும் சந்தைகளிடமும் போய்ப் பேச வேண்டும். பேசும்போது ‘எங்கள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுங்கள்’ என்று தொடங்கக் கூடாது. ‘உங்களுக்குத் தீராத கணக்கு எது?’ என்று கேட்க வேண்டும். மாணவர் பார்க்கும் கணக்கும் கடன் விவரமும் வெளியே போகாது என்று எழுதிக் கொடுப்பதும் அவசியம். வேலை முடிந்தபின் அறிக்கையைச் சங்கத்தாருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எழுப்பும் கேள்விக்கும் மதிப்பெண் இருக்கட்டும்.

காலம் பார்த்துப் போவதும் முக்கியம். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் பிப்ரவரியை ஒட்டித்தான் மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் தேன் நிறையும். நான்காம் பருவ ப்ராஜெக்ட்டுக்கு அது சரியான நேரம். படகுக் கணக்குப் பார்க்க ஜூன், ஜூலை. தோவாளை என்றால் ஆவணி முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்து வரும் வாரங்கள்.