உலக முடிவு

இலங்கைத் தீவின் கரையோரம் எங்கும் தாழ்நிலம். நடுப்பகுதியில் மட்டும் மலைகள் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கின்றன. அம்மலைகளின் உச்சியில் பலகை விரித்தாற்போல அகன்று கிடக்கும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. சிங்கள மக்கள் அதனை ‘மகா எலிய’ என வழங்கினர். ‘பெருவெளி’ என்பது அதன் பொருள். 1831 முதல் 1837 வரை அங்கு ஆளுநராக இருந்த வில்மட் ஹார்ட்டன் என்பாரின் நினைவாக ஆங்கிலேயர் அதற்கு ‘ஹார்ட்டன் சமவெளி’ எனப் பெயரிட்டனர். பின்னர் வந்த பெயரே இன்று நிலைத்துவிட்டது. ஆயினும், சமவெளி என்னும் சொல்லைக் கேட்டு நெல்வயல்களை எண்ணிவிடுதல் கூடாது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள நிலம் அது. 1988-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டேர்.

இலங்கையின் மிக உயரமான புகைவண்டி நிலையமாகிய பட்டிப்பொல இப்பூங்காவிற்கு அருகில் உள்ளது. பெரும்பாலோர் நுவரெலியாவில் இரவு தங்கி, பொழுது புலருமுன் வண்டியில் புறப்பட்டு வருகின்றனர். மலையைக் காண வருவோர் இருளிலேயே எழுவது ஏன் என்று மாணவர்கள் வினவக்கூடும். விடை காற்றில் இருக்கிறது.

பூங்காவின் தென்விளிம்பு, கத்தியால் அரிந்தாற்போலச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அவ்விடத்திற்குத்தான் ‘உலக முடிவு’ என்று பெயர். இரவில் மலையின் மேலுள்ள காற்று குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். ஆதலால், விடியற்காலையில் விளிம்பிற்கு முன்னே வானம் தெளிவாக இருக்கும். கதிரவன் ஏற ஏறக் கீழுள்ள நிலம் சூடேறுகிறது. சூடேறிய ஈரக்காற்று இலேசாகிப் பாறைச் சுவரை ஒட்டி மேலே எழுகிறது. உயரச் செல்லச் செல்ல அது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க முடிவதில்லை. நீராவி நுண்துளிகளாகிறது. அதுவே மூடுபனி. காலை 9 மணி, 10 மணி அளவில் அது விளிம்பைத் தொட்டுவிட்டால், அதன்பின் வருவோர் காண்பது ஒரு வெள்ளைத் திரை மட்டுமே. நெடுந்தொலைவு வந்தும் ஒன்றும் காணாது திரும்புவோர் நாள்தோறும் உளர். மழை குறைந்த சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலமே இந்நடைக்கு ஏற்றது. ஆயினும், அப்போதும் காலந்தாழ்த்தியவர்க்குக் காட்சி உறுதியில்லை.

குளிரையும் கருதல் வேண்டும். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 அல்லது 7 டிகிரி குறையும். கொழும்பில் வியர்வை வழிய நின்றவர் இங்கே கம்பளி உடையைத் தேடுவார். ஆண்டின் தொடக்கத்தில் சில இரவுகளில் புல்லின்மீது உறைபனியும் படிவதுண்டு. காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைவு. ஆகவே, முதல் அரைமணி நேரம் மெல்ல நடப்பதே அறிவுடைமை.

நடைவழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டம். மூன்று மணி நேரத்தில் அதனைச் சுற்றி வந்துவிடலாம். முதலில் வருவது புல்வெளி. அதிகாலையில் பனித்துளி சுமந்த புல்லில் கடம்பை மான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும். மனிதரைக் கண்டு அவை பெரிதும் அஞ்சுவதில்லை. சிறுத்தையும் இங்கு வாழ்கிறது; ஆனால் நடப்போர் கண்ணில் அது படுவது அரிது. முன்னொரு காலத்தில் யானைகளும் இங்கே உலவின. வெள்ளையர் வேட்டையால் அவை அடியோடு மறைந்தன.

புல்வெளியைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. மரங்கள் உயர்ந்தவை அல்ல; காற்றுக்கு வளைந்து, குடைபோல் தலை பரப்பி நிற்பவை. கிளைகளில் பாசி தாடிபோல் தொங்கும். நம் நீலகிரிச் சோலைகளைக் கண்டவர்க்கு இக்காடு புதிதாகத் தோன்றாது. நீலகிரியில் ‘காட்டுப்பூவரசு’ எனப்படும் செந்நிறப் பூமரத்தின் நெருங்கிய உறவு இங்கும் மலர்கிறது. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்றும் இம்மலைகளில் உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை.

முதலில் ‘சிறிய உலக முடிவு’ வருகிறது. அதனைக் கண்டு வியந்து அங்கேயே நின்றுவிடாமல் மேலும் நடந்தால், பெரிய உலக முடிவை அடையலாம். அங்கே நிலம் திடீரென்று அற்றுப்போகிறது. காலடியில் ஏறத்தாழ 880 மீட்டர் பள்ளம்! கீழே தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளத் துண்டுகளாகவும், வீடுகள் தீப்பெட்டிகளாகவும் தோன்றுகின்றன. மிகத் தெளிந்த காலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலும் வெள்ளிக் கோடாகத் தெரியும் என்பர். அத்தேயிலைச் சரிவுகளைக் காணும்போது ஒன்றை நாம் மறத்தலாகாது. இலங்கை மலைநாட்டின் காட்டை அழித்துத் தோட்டமாக்கிய உழைப்பில் பெரும்பங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து சென்ற ஏழை மக்களுடையது.

விளிம்பில் நிற்போர் கருத்தோடு இருத்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டில் அயல்நாட்டுப் பயணி ஒருவர் படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நகர்ந்து கால் தவறி வீழ்ந்தார். பள்ளத்தில் நின்ற மரமொன்று அவரைத் தாங்கிக்கொண்டது. படைவீரர் இறங்கி அவரை மீட்டனர். அவருக்கு வாய்த்த மரம் எல்லார்க்கும் வாய்க்கும் என்று நம்புதல் பேதைமை.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி இருக்கிறது. பெலிகுல் ஓயா என்னும் ஆறு ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து பாறைமீது விசிறிபோல் விரிந்து விழுகிறது. ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற சாமுவேல் பேக்கர் முன்னர் நுவரெலியாவில் வாழ்ந்தவர். அருவி அவர் பெயரைத் தாங்குகிறது. பார்க்க இனிய அருவி, குளிக்கத் தக்கதன்று.

சிகரம் ஏறும் விருப்புடையார்க்கும் இப்பூங்காவில் இடமுண்டு. இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலையாகிய கிரிகல்பொத்த, ஏறத்தாழ 2,390 மீட்டர் உயரமுள்ளது. அதன் உச்சிக்கு ஒருவழியில் மட்டும் 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சேறும் சதுப்பும் நிறைந்த வழி. மூன்றாவது உயர்ந்த மலையாகிய தொட்டுபொல கந்த எளியது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் உச்சி.

இவ்வழகிய நிலம் காட்சிக்காக மட்டும் காக்கப்படவில்லை. பார்வையை மறைக்கிறதே என்று பயணிகள் நொந்துகொள்ளும் அம்மூடுபனியே இக்காட்டின் உணவு. பனி மரங்களினூடே தவழும்போது, இலைகளும் பாசியும் அதிலுள்ள நுண்துளிகளைச் சீப்புப்போல் வாரி எடுக்கின்றன. அவை சொட்டுச்சொட்டாக மண்ணில் இறங்குகின்றன. மழையில்லாத நாளிலும் இக்காட்டின் அடியில் ஈரம் இருப்பதற்கு இதுவே காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. தாழ்நிலத்து உழவர் இம்மலையைக் கண்ணால் காணாதிருக்கலாம்; அவர்தம் வயல் இதன் நீரைக் காண்கிறது.

இதனை முன்னரே உணர்ந்தவர் உளர். 1873-ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாது விடுக என்று ஆங்கில அரசிற்கு அறிவுரை கூறினார். ஆயினும், பின்னாளில் இங்குள்ள புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பின்னர் அது நிறுத்தப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் இப்பூங்கா, வேறிரு மலைக்காடுகளோடு சேர்த்து, உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது வேறொரு கவலை எழுந்துள்ளது. 1970-களிலிருந்து இக்காட்டு மரங்கள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வருகின்றன. ‘கீன’ என்னும் மரமே மிகுதியாக மடிகிறது. மண்ணில் சத்துக் குறைவு என்பர் சிலர். தாழ்நிலத்திலிருந்து ஏறிவரும் மாசுற்ற காற்று என்பர் சிலர். வறட்சி என்பாரும் உளர். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. பட்ட மரங்களுக்கு இடையே நாற்றுகளை நட்டுக் காட்டை மீட்கவும் முயல்கின்றனர்.

காரணம் விளங்கிய கேடு ஒன்றும் உண்டு. பயணிகள் எறிந்த பிளாஸ்டிக் உறைகளை உணவென்று எண்ணித் தின்று மான்கள் மடிந்தன. ஆகவே, வாயிலிலேயே காவலர் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்க்கின்றனர். உணவுப் பொருளின் பிளாஸ்டிக் உறையை அங்கேயே நீக்கி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பின்னரே உள்ளே விடுகின்றனர்.