மலைக்குப் போகும் முன் வானத்தைக் கேளுங்கள்

புனே நகரின் வடமேற்கில் இருக்கிறது ஔந்த். பக்கத்தில் முளா ஆறு ஓடுகிறது. ஔந்திலும் அருகிலுள்ள கட்கியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பிழைப்புத் தேடி வந்து தங்கியவர்கள் இவர்கள். வாரமெல்லாம் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு.

மழைக்காலம் வந்துவிட்டால் ஞாயிறு அன்று வீட்டில் இருக்க மனம் வராது. சகியாத்ரி மலை முழுவதும் பச்சையாகிவிடும். குடும்பம் குடும்பமாக சிங்ககட் கோட்டைக்குப் போவார்கள். மேலே சூடான சோள ரொட்டியும் பிட்லாவும் கிடைக்கும். சிறு மண் சட்டியில் கட்டித் தயிர் கிடைக்கும். சிலர் லோணாவளா அருவிகளுக்குப் போவார்கள். கையில் காசு சேர்ந்த இளைஞர்கள் இமயமலைக்கே போகிறார்கள், பனியைப் பார்க்க!

புறப்படும்போது எல்லாவற்றையும் கேட்கிறோம். சாப்பாடு எடுத்தாயா? தண்ணீர் எடுத்தாயா? குழந்தைக்கு மாற்றுத் துணி எடுத்தாயா? ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். இன்று மலையில் மழை எப்படி? காற்று எப்படி?

அதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும்?

மேலே பெய்த மழை

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. லோணாவளாவில் பூஷி அணைக்கு அருகே ஓர் அருவி. ஒரு குடும்பத்தார் ஓடையின் நடுவே பாறையில் நின்றிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் பெருகியது. கரைக்கு வர வழியில்லை. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளம் அவர்களை இழுத்துச் சென்றது. 5 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? நாம் நிற்கும் இடத்தில் மழை குறைவாக இருக்கலாம். மலை உச்சியில் கொட்டியிருக்கலாம். அந்த நீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தெளிவாக ஓடும் நீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், உடனே கரை ஏறிவிட வேண்டும். பையை எடுக்கவும் நிற்கக் கூடாது.

ஊரில் ஒன்று, மலையில் ஒன்று

ஊரில் இருக்கும் வானிலை மலையில் இருப்பதில்லை. ஏன்?

மேலே போகப் போகக் குளிர் கூடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 அல்லது 7 டிகிரி குறையும். புனே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிங்ககட் சுமார் 1,300 மீட்டர். ஆகவே கோட்டையில் ஏறக்குறைய 5 டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த உடையோடு நிற்கும் குழந்தைக்கு இதுவே பெரிய குளிர்.

மலை மழையையும் கூட்டுகிறது. அரபிக் கடலிலிருந்து ஈரக் காற்று வருகிறது. மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்ததும் ஈரம் மேகமாகி மழையாகக் கொட்டுகிறது. அதனால்தான் லோணாவளாவில் மழை கொட்டும் நாளில் ஔந்தில் வெறும் தூறல் விழுகிறது.

நீரை மேலே தள்ளும் காற்று

புனே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டத்தில் நாணேகாட் என்ற கணவாய் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே ஒரு வேடிக்கை. அருவி நீர் கீழே விழாமல் மேலே பறக்கும்! கொங்கணப் பக்கமிருந்து வரும் காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலே பாய்கிறது. நீரையும் தூக்கி எறிகிறது.

நீரைத் தூக்கும் காற்று மனிதனைத் தள்ளாதா? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் வலிமை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகக் காற்றில் குடை திரும்பும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராக நடப்பதே கடினம். பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

காற்று தீயையும் பரப்பும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பிடித்தது. காய்ந்த புல்லில் காற்று தீயைக் கொண்டு ஓடியது. மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் மலைக்குப் போகும் முன் காற்றைப் பற்றி விசாரிப்பது அதனால்தான் அவசியம்.

எந்தப் பனி?

தமிழில் பனி என்ற ஒரே சொல்லைப் பலவற்றுக்குச் சொல்கிறோம். மார்கழி விடியலில் புல்லில் முத்து முத்தாக நிற்பது பனித்துளி. சாலையை மறைப்பது மூடுபனி. ஊட்டியில் குளிர்காலக் காலையில் புல்வெளி வெள்ளையாகிறதே, அது உறைபனி. இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சு போல விழுவது வெண்பனி.

சகியாத்ரியில் வெண்பனி விழாது. இமயமலையில் விழும். வெயில் அடித்தால் அழகாக இருக்கும். ஆனால் காற்றும் சேர்ந்தால் அதுவே ஆபத்து. நம் உடம்பைச் சுற்றி மெல்லிய வெப்பப் போர்வை ஒன்று இருக்கிறது. காற்று அதைப் பறித்துக்கொண்டு போய்விடும். வெப்பம் பூஜ்ஜியம் டிகிரி, காற்று 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 7 டிகிரி போல இருக்கும். உடை நனைந்திருந்தால் இன்னும் மோசம். கை நடுங்கும். பேச்சு குழறும். அறிவு மந்தமாகும். பிறகு உயிர் போகும்.

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் இது நடந்தது. உத்தராகண்ட் மாநிலத்தில் சகஸ்ரதால் என்ற ஏரி உண்டு. 4,000 மீட்டருக்கும் மேலான உயரம். 22 பேர் கொண்ட குழு அங்கே சென்றது. பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கினார்கள். 9 பேர் இறந்தார்கள். ஜூன் மாதம் நமக்கு மழைக்காலத் தொடக்கம். அந்த உயரத்திலோ எந்த மாதமும் பனிப்புயல் வரலாம்.

பனிச்சரிவு என்ற ஆபத்தும் இருக்கிறது. பழைய பனியின் மேல் புதுப் பனி விழுகிறது. காற்று அதை மலையின் மறுபக்கம் கொண்டுபோய்க் குவிக்கிறது. பாரம் தாங்காமல் ஒரு நாள் மொத்தமாகச் சரிகிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில், திரௌபதி கா டண்டா சிகரத்தில் இப்படிச் சரிந்தது. மலையேற்றப் பயிற்சிக்குச் சென்ற குழுவில் 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. பயிற்சி பெற்றவர்களையும் பனி விடுவதில்லை. சண்டிகரில் உள்ள மத்திய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. இமயமலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு அறிய வேண்டும்.

பக்கத்து வீட்டில் வானிலை

இந்த முன்னறிவிப்பு எங்கிருந்து வருகிறது? ஔந்துக்காரர்களுக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது.

புனே சிவாஜி நகரில் ஒரு பழைய கட்டடம் உண்டு. மக்கள் அதை 'சிம்லா ஆபீஸ்' என்கிறார்கள். இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. அதன் தலைமை அலுவலகம் சிம்லாவில் இருந்தது. 1928இல் புனேவுக்கு வந்தது. பிறகு டெல்லிக்குப் போனது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அங்கே வேலை செய்தவர் அன்னா மாணி. கேரளத்தின் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது மழைமானி, காற்றுமானி போன்ற கருவிகளில் பல வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழி செய்தார். நாடு முழுவதும் காற்றின் வேகத்தை அளக்கவும் பாடுபட்டார்.

ஔந்தை அடுத்த பாஷாணில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1962இல் தொடங்கியது. துணைக்கோள், பலூன், ரேடார், மழைமானி ஆகியவை தரும் தகவல்களைப் பெரிய கணினி கணக்கிடுகிறது. இந்தக் கணக்கில் நாடு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. 2025 மே மாதம் வந்த புதிய முறையில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர் அகலம். முன்பு அது 12 கிலோமீட்டர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 6 கிலோமீட்டருக்குள் மலையடிவாரமும் இருக்கலாம், உச்சியும் இருக்கலாம். கணினி அந்தக் கட்டத்துக்குப் பொதுவாக ஒரே கணக்குத்தான் தருகிறது. ஆகவே அறிவிப்பைப் பார்த்த பிறகு நாமும் ஒரு கணக்குப் போட வேண்டும். உச்சியில் குளிர் கூடுதல், காற்று கூடுதல் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

அறிவிப்பைப் படிப்பது எப்படி?

வானிலைத் துறை நான்கு நிறங்களில் எச்சரிக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்புத் தேடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் அருவிக்கும் மலைக்கும் போக வேண்டாம்.

இரண்டு மூன்று நாளுக்கான அறிவிப்பை நம்பித் திட்டமிடலாம். பத்து நாள் கழித்து வருவது பற்றிய அறிவிப்பு வெறும் குறிப்புதான். புறப்படும் காலையில் மறுபடியும் பாருங்கள். அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பும் வெளியாகிறது. 'மௌசம்' என்ற செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளலாம். இடி மின்னலுக்கு 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. அதை உருவாக்கியது பாஷாண் நிறுவனம்தான்.

கைப்பேசி இல்லையா? காதும் கண்ணும் இருக்கின்றன. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியை விட்டு இறங்குங்கள். தனி மரத்தின் கீழ் நிற்காதீர்கள். உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். ஆடு மாடு மேய்ப்பவர் சொல்லும் வார்த்தையை அலட்சியம் செய்யாதீர்கள். ஆபத்தில் 112 எண்ணை அழையுங்கள்.

பாதி வழியில் திரும்பினால் காசு வீணாகும், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். மலை எங்கும் போய்விடாது. அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும். நாமும் இருக்க வேண்டும் அல்லவா?

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மழை வருமுன் பெரியவர்கள் என்னென்ன அடையாளங்களைச் சொல்வார்கள்?
2. கடைசியாக நீங்கள் வெளியூர் போனபோது வானிலை அறிவிப்பைப் பார்த்தீர்களா?
3. இன்று உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம் அறிவித்திருக்கிறார்கள்? பார்த்து எழுதுங்கள்.