பெரிய டயர் பூட்டிய பிக்கப் வண்டிகளின் இழுவையைச் சீர்செய்தல்

பந்தல்குடியைச் சுற்றிலும் கரிசல் பூமி பரந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு மழை சேர்ந்து பெய்துவிட்டால் புஞ்சைக்குச் செல்லும் வண்டிப்பாதை களியாகிவிடும். அச்சமயம் உரமூட்டை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளின் சக்கரம் தடத்தில் இறங்கி, பின் அச்சின் ஹவுசிங் நடுமேட்டில் தட்டி நின்றுவிடுவது வழக்கம். இதற்குப் பரிகாரமாகக் குடியானவர் சிலர் வண்டியோடு வந்த டயரைக் கழற்றிவிட்டு, அதனிலும் உயரமும் அகலமும் கூடிய கனத்த டயரைப் பூட்டிக்கொள்கின்றனர். சில வாரங்களில், வண்டி முன்போல் இழுக்கவில்லை, டீசல் அதிகம் பிடிக்கிறது, பிரேக் தாமதமாக நிற்கிறது என்று முறையிடத் தொடங்குகின்றனர். எஞ்சினில் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்குப் பணம் கொடுப்பவரும் உண்டு. பெரும்பாலும் கோளாறு எஞ்சினில் இல்லை.

பெரிய சக்கரம் நல்லது என்னும் எண்ணம் மாட்டு வண்டியிலிருந்து வந்தது. மாடு நுகத்தால் அச்சை முன்னுக்கு இழுக்கிறது. சக்கரம் தானாக உருளுகிறது. ஆகையால் சக்கரம் உயரமாயிருந்தால் பள்ளம் மேடுகளில் எளிதாக ஏறும். மோட்டார் வண்டியிலோ எஞ்சின் அச்சைத் திருகி அதன் வழியாகவே பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அங்கே சக்கரத்தின் ஆரம் எஞ்சினுக்கு எதிரான நெம்புகோலாகிறது. சைக்கிளின் பின் பல்சக்கரத்தைச் சிறிதாக மாற்றினால் மிதி கனப்பது யாவரும் அறிந்ததே. பெரிய டயர் செய்வதும் அதுவே.

ஒரு கணக்கால் இது தெளிவாகும். 215/75 ஆர் 15 என்று குறித்த டயரின் குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர். 265/75 ஆர் 15 டயருக்கு அது சுமார் 778 மில்லிமீட்டர். அதாவது நூற்றுக்குப் பத்துக்கு மேல் அதிகம். எஞ்சின் அதே பலத்துடன் திருகினாலும் தரையில் கிடைக்கும் உந்தல் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்துவிடுகிறது. இவ்வளவுக்கும் ஹவுசிங் தரையினின்று உயருவது குறுக்களவின் வித்தியாசத்தில் பாதியே, அதாவது ஒன்றரை அங்குலம். இந்த ஒன்றரை அங்குலத்துக்காகக் கொடுக்கும் விலை மிகையென்றே சொல்ல வேண்டும்.

டயரின் கனம் வேறு இருக்கிறது. வண்டி கிளம்பும்பொழுது விளிம்பில் கூடிய ஒரு கிலோ எடை, மேடையில் ஏற்றிய ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஒப்பாகும். அதை முன்னுக்குத் தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதே காரணம். சேற்றில் பாரத்தோடு கிளப்பும்பொழுது கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்வதும் இதனாலேயே. பிரேக் டிரம் பழைய அளவிலேயே இருக்க, சக்கரத்தின் ஆரம் மட்டும் கூடுவதால், அதே மிதிக்குப் பிடிப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும். மதுரையினின்று தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில் பாரத்துடன் ஓடும் வண்டிக்கு இது அற்ப விஷயமன்று.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். முள் 60 காட்டும்பொழுது வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓடிய தூரமும் அவ்விதமே குறைத்துக் காட்டப்படுகிறது. மானியில் 100 என்றிருந்தால் உண்மையில் 110 ஓடியிருக்கும். டீசல் கணக்குப் பார்ப்பவர் முதலில் இதைத் திருத்திக்கொள்ளாவிட்டால், நஷ்டம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். எண்ணெய் மாற்றும் தவணையும் தவறிப்போகும்.

சீர்செய்யும் முறைகளுள் சிறந்தது, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே திரும்பி, அதே அளவில் சேற்றுக்கேற்ற ஆழமான வெட்டுள்ள டயரைப் போடுவதாகும். கரிசல் களியில் உயரத்தைவிட வெட்டின் ஆழமே அதிகம் உதவும். சிறிது பெரிதாகத்தான் வேண்டுமென்பவர் 235/75 ஆர் 15 அளவோடு நிறுத்திக்கொண்டால் வித்தியாசம் நூற்றுக்கு நாலுதான். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போதும்.

மிகப் பெரிய டயரை விட மனமில்லாதவருக்கு உள்ள நேரான வழி, பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்களை மாற்றுவதே. உதாரணமாக, கிரவுனுக்கு 41 பல்லும் பினியனுக்கு 10 பல்லும் இருந்தால் விகிதம் 4.1 ஆகும். பினியன் 9 பல்லுள்ளதாக வரும் ஜோடியைப் போட்டால் 4.56 ஆகி, இழந்த இழுவை அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதாயின் அதுவும் சரியாகிவிடும். ஆனால் அந்த வண்டிக்கென்று செய்த ஜோடி கிடைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல்லின் இடைவெளியைச் சரிபார்த்துப் பொருத்தத் தெரிந்த கையும் வேண்டும். பிரேக்கின் குறையோ இதனால் தீராது.

டீசல் பம்பைத் திருகி எண்ணெயைக் கூட்டுவதும், எஞ்சினின் மின்கணக்குப் பெட்டியைத் திருத்துவதும் ஆகாத வேலை. கரும்புகையும் சூடுமே மிச்சம். அதைவிட, சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியால் அடைபட்ட காற்று வடிகட்டியை மாற்றுவது அதிகப் பயன் தரும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. ஆகவே டயர் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் குறித்துள்ள பாரத் திறன் வண்டி தாங்கும் பாரத்துக்குப் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். கார்களுக்கென்று செய்த அகலமான டயர் மூட்டைப் பாரத்துக்கு ஏற்றதன்று.

சேற்றில் இறங்குமுன் காற்றைச் சிறிது குறைத்தால் டயர் படிந்து பிடிப்புக் கூடும். தார்ச்சாலை ஏறியதும் பழைய அளவுக்கு அடைத்துவிட வேண்டும். பாரத்துடன் குறைந்த காற்றில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருப்பது அவசியம். பின் அச்சில் ஒருபுறம் பெரிதும் மறுபுறம் சிறிதுமாகப் பூட்டி ஓட்டினால், டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் சுழன்று தேய்ந்துபோகும்.